ஜாக்சன் பள்ளத்தாக்கில் ஒரு வீடு: மரத்தடிச் சுவரா, கொட்டகைக் கூரையா, கண்ணாடிப் பெட்டியா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடரின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல் அமைந்திருக்கும் ஜாக்சன் நகரில் வீட்டு மனை என்பது எளிதில் அகப்படும் பொருள் அன்று. நகரம் அடங்கியுள்ள டீட்டன் கவுண்டியின் நிலத்தில் ஏறத்தாழ 97 சதவீதம் தேசியப் பூங்காவாகவும் காடாகவும் எல்க் மான்களின் காப்பகமாகவும் அரசின் கையில் இருக்கிறது. மிஞ்சிய 3 சதவீதத்துக்குள்தான் பரம்பரை மாட்டுப் பண்ணைக்காரரும், பனிச்சறுக்கு விடுதியில் வேலை பார்ப்பவரும், பள்ளி ஆசிரியரும், தனி விமானத்தில் வந்திறங்கும் பெருஞ்செல்வரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு இடம் தேட வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கடியில் மனை ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதில் எழுப்பும் வீட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வேறிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது.

இங்கே கட்ட முற்படுவோர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய பண்ணை வீடுகளைப் போல முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது முதல் வழி. பண்ணைக் கொட்டகையின் எளிய வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவரையும் கூரையையும் இக்கால முறைப்படி அமைப்பது இரண்டாவது. எஃகுச் சட்டமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியுமாக, மலைக்காட்சியையே சுவராக்கிக்கொள்வது மூன்றாவது. பின்னிரண்டையும் 'மவுண்டன் மாடர்ன்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள் என்றாலும், பனியும் குளிரும் அவ்விரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதால் இங்கே பிரித்தே பேசுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். ஆண்டின் 12 மாதமும் இங்கேயே இருப்பவர்கள். கட்ட விரும்புவது சுமார் 2,000 சதுர அடி. கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம், ஜூலையில் இரண்டு வாரம் என்று வந்துபோகும் வீட்டுக்காரருக்கு விடை வேறாக இருக்கலாம். அவருடைய கணக்கில் எரிபொருள் செலவும் பராமரிப்பும் பெரிய தொகையாகவே தெரியாது.

பண்ணை மரபு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் இன்றும் நிற்கிற கன்னிங்ஹாம் குடில் 1888 வாக்கில் கட்டப்பட்டது. இரண்டு சிறிய அறைகள், இடையில் இருபுறமும் திறந்த ஒரு நடை, மூன்றையும் மூடும் ஒரே கூரை, அதன்மேல் மண்ணும் புல்லும். அருகிலுள்ள காட்டில் நேராக வளரும் லாட்ஜ்போல் பைன் மரத்தைக் கோடரியால் வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். அதை மரபு என்று நினைத்துச் செய்யவில்லை, கைக்கெட்டிய பொருள் அது ஒன்றே என்பதால் செய்தார்கள். சன்னல்கள் சிறியவையாக இருந்ததற்கும் காரணம் உண்டு. கண்ணாடிப் பலகையை 8,431 அடி உயரமுள்ள டீட்டன் கணவாய் வழியாகக் குதிரை வண்டியில் உடையாமல் கொண்டுவருவது சாதாரண வேலையன்று. கொண்டுவந்தாலும், பெரிய சன்னல் வைத்த அறையை விறகடுப்பால் சூடாக்க முடியாது.

கன்னிங்ஹாம் குடிலுக்குத் தெற்கே, மார்மன் ரோ என்ற பழைய குடியிருப்பில், உலகெங்கும் நாட்காட்டிகளில் அச்சாகும் டி. ஏ. மௌல்டன் கொட்டகை இருக்கிறது. நடுவில் வைக்கோலுக்கான உயர்ந்த பரண், இருபுறமும் சார்ப்பு இறக்கிய தொழுவங்கள். இது ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று. 1910களில் தொடங்கி, குடும்பமும் கால்நடையும் பெருகப் பெருக, ஏறத்தாழ 30 ஆண்டுகளில் பகுதி பகுதியாகச் சேர்ந்தது. என் கருத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைக் கட்டடக்கலையில் படிக்க வேண்டிய முதல் பாடம் இந்தச் சார்ப்பில் இருக்கிறது: முதலில் தேவையான அளவுக்குக் கட்டு, பிறகு வேண்டியதைப் பக்கத்தில் சாய்த்து இறக்கு.

மரத்தடி வீடு பகட்டுப் பொருளானது அதற்குப் பின்புதான். 1908இல் ஜே.ஒய். பண்ணையும், 1912இல் ஸ்ட்ரதர்ஸ் பர்ட்டும் ஹோரஸ் கார்ன்கிராசும் தொடங்கிய பார் பி.சி. பண்ணையும், கிழக்குக் கடற்கரை நகரங்களிலிருந்து வந்த பணக்காரர்களைக் காசு வாங்கிக்கொண்டு கௌபாய் வாழ்க்கை வாழ வைத்தன. 'டூட் ராஞ்ச்' என்று பெயர். கடுங்குளிரில் மாட்டை வளர்ப்பதைவிட விருந்தாளியைப் பேணுவது லாபம் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. வந்தவர்கள் கண்டு மயங்கியது மரத்தடிச் சுவரையும், மான்கொம்பு விளக்கையும், முடிச்சு விழுந்த மரத்தில் செய்த நாற்காலியையும்தான். ஊர் திரும்பிய பிறகும் அவர்கள் நினைவில் நின்ற மேற்கு அதுவே. 1925இல் அந்தக் குடிலைக் கட்டிய கன்னிங்ஹாம் உள்ளிட்ட 97 நில உரிமையாளர்கள், பண்ணைத் தொழிலில் பிழைக்க வழியில்லை, நிலத்தை வாங்கிப் பொதுவில் பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். எண்ணெய்ச் செல்வக் குடும்பத்து இளைய ஜான் டி. ராக்பெல்லர் அப்படி வாங்கிச் சேர்த்த நிலம் 1950இல் விரிவாக்கப்பட்ட தேசியப் பூங்காவில் கலந்தது. பண்ணைகள் குறையக் குறைய, பண்ணையின் தோற்றத்துக்கு விலை ஏறிக்கொண்டே போனது. இன்று மரத்தடி வீடு கேட்பவர் இவ்விரண்டில் எதைக் கேட்கிறார் என்பதை அவரே தெளிந்துகொள்வது நல்லது: கன்னிங்ஹாமின் குடிலையா, டூட் ராஞ்ச் விருந்தாளியின் நினைவையா?

இனி மரத்தடி வீட்டைச் சுவராகவே எடுத்துப் பார்ப்போம். வெப்பம் வெளியேறுவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதை அமெரிக்காவில் 'ஆர்' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக் கூடக் காப்பு கூடும். பைன் போன்ற மென்மரத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சுமார் 1.4. ஆகவே 6 அங்குலத் தடிச் சுவருக்கு 8க்குச் சற்று மேல், 10 அங்குலத்துக்கு 14. உருண்டைத் தடியாக இருந்தால், இரண்டு தடிகள் சந்திக்கும் இடுக்கில் சுவர் மெலிந்துவிடுவதால், கணக்கு இன்னும் குறையும். ஜாக்சன், அமெரிக்க எரிசக்தி நெறிநூலின்படி 7ஆம் தட்பவெப்ப மண்டலத்தில் இருக்கிறது. இத்தகைய இடத்தில் மரச்சட்டம் அடித்துக் கட்டும் சுவருக்கு, உள்ளே 20, வெளியே இடைவெளியின்றிப் போர்த்தும் காப்புக்கு 5 என்ற அளவு சாதாரணம். அதாவது கூடியது சுமார் 25. ஜனவரி இரவில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரி செல்சியஸ் இருக்கையில், 6 அங்குலத் தடிச் சுவர் வழியாக மும்மடங்கு வெப்பம் வெளியேறுகிறது. மரத்தடியின் கனம் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் என்று விற்பவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் பகலில் சூடும் இரவில் குளிருமாக மாறி மாறி வரும் ஊரிலேதான் அந்தத் தேக்கம் கைகொடுக்கும். வாரக்கணக்கில் குளிர் ஒரே மட்டத்தில் நிற்கும் இடத்தில் தேக்கிவைத்தது தீர்ந்துபோன பிறகு சுவரின் காப்பு எண் மட்டுமே மிஞ்சும்.

அடுத்தது சுருக்கம். பச்சைத் தடியால் கட்டினால், காயக் காய, சுவரின் உயரம் அடிக்கு அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை குறையக்கூடும். 8 அடிச் சுவர் 4 முதல் 6 அங்குலம் இறங்கும் என்று பொருள். சன்னல் சட்டம் மட்டும் இறங்காது. அதனால் ஒவ்வொரு கதவுக்கும் சன்னலுக்கும் மேலே ஓர் இடைவெளி விட்டு, அதைப் பலகையால் மறைத்து வைக்கிறார்கள். நிலைத் தூண்களின் அடியில் திருகுத் தாங்கி ஒன்று இருக்கும். முதல் சில ஆண்டுகளுக்கு வீட்டுக்காரர் அவ்வப்போது அலங்காரப் பலகையைக் கழற்றி, திருகுக்கோலைப் போட்டு, அரைச் சுற்று, கால் சுற்று என்று தூணைத் தாழ்த்த வேண்டும். மறந்துவிட்டால் சுற்றிலும் சுவர் இறங்கித் தூண் மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும், மாடியில் கதவு சாத்தாது. நின்ற நிலையிலேயே பட்டுப்போய்க் காய்ந்த தடிகளைத் தேடி வாங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இப்பகுதியில் நல்ல தச்சர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். இவ்வளவு உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையாக இருப்பதால், தெற்கு, மேற்குச் சுவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கொரு முறை மரப்பூச்சு அடித்தே ஆக வேண்டும். கூரையிலிருந்து விழும் பனி தரையில் தெறித்து அடித்தடியை நனைத்துக்கொண்டே இருக்கும். உளுப்பது முதலில் அந்தத் தடிதான்.

தீ விஷயத்தில் மட்டும் மரத்தடி வீட்டின்மேல் சுமத்தப்படும் பழி பாதி அநியாயம். பருத்த தடி மெதுவாகவே கருகும். எளிதில் பற்றுவது மரச்செதில் கூரை, மரத் திண்ணை, கூரையடிக் காற்றுத் துளை ஆகியவைதான். 2001இல் ஜாக்சனுக்கு மேற்கேயுள்ள வில்சன் என்ற ஊரின் அருகே எரிந்த கிரீன் நோல் காட்டுத் தீ வீடுகளின் பக்கத்தில் வந்தது முதல், கூரை எதனால் ஆனது என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வியாக இல்லை. காற்றில் பறந்துவரும் நெருப்புப் பொறியே பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துகிறது என்பதால், எந்த வழியைத் தேர்ந்தாலும் உலோகம் போன்ற எரியாத கூரை, துளைகளுக்கு நுண்ணிய கம்பிவலை, சுவரை ஒட்டி 5 அடிக்குச் செடியோ விறகோ இல்லாத சரளைக்கல் பரப்பு ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது வழிக்கு வருவோம். கொட்டகையின் வடிவம் என்பது நீண்ட செவ்வகத்தின்மேல் இருபக்கமும் சரியும் ஒரே கூரை. பக்கத்தில் வேண்டுமானால் ஒரு சார்ப்பு. இதில் அழகு இருக்கிறதா என்பதைப் பற்றி நான் வாதிடப்போவதில்லை. பனி விழும் ஊரில் கூரைக்குப் பெரிய பகை மடிப்புகள். இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் பள்ளத்தில் பனி வந்து குவியும், கசிவும் அங்கேதான் தொடங்கும். நான்கைந்து முகடுகளும், அவற்றுக்கிடையே குட்டிக் கூரைகளும் வைத்த மாளிகைகளைவிடக் கொட்டகை மேலானது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கூரையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஏனென்றால் ஜாக்சனில் வீட்டின் தலையெழுத்து கூரையில்தான் எழுதப்படுகிறது. வீட்டின் சூடு மேலேறிக் கூரைப் பலகையை வெதுவெதுப்பாக்கினால், பனியின் அடிப்பகுதி உருகி வழியும். அந்த நீர் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணத்துக்கு வந்ததும், கீழே சூடு இல்லாததால் மீண்டும் உறைகிறது. நாளுக்கு நாள் உறைந்து உறைந்து அங்கே பனிக்கட்டியால் ஓர் அணை எழும்புகிறது. பின்னால் வரும் நீர் தேங்கி, தகட்டுக்கடியில் மேல்நோக்கி ஏறி, படுக்கையறைச் சுவரில் பழுப்புக் கோடாக இறங்குகிறது. இதற்கு மருந்து 'குளிர்க் கூரை'. தடித்த காப்புக்கு மேலே ஓர் இடைவெளி விட்டு, இறவாணத்தில் நுழையும் வெளிக்காற்று முகடு வழியாக வெளியேறும்படி இரண்டாவது கூரை ஒன்றைப் போர்த்துவது. மடிப்பில்லாத ஒரே சரிவில் இந்தக் காற்றோட்டத்தை இறவாணம் முதல் முகடு வரை தடையின்றிக் கொண்டுபோவது எளிது; மடிப்புகள் நிறைந்த கூரையில் காற்று எங்காவது முட்டுச் சந்தில் நின்றுவிடும்.

உலோகக் கூரையிலிருந்து பனி சொல்லிக்கொண்டு இறங்குவதில்லை. பின்மதியம் வெயில் பட்டதும் ஓர் உறுமல் கேட்கும், அடுத்த நொடியில் சரிவு முழுவதும் ஒரே பாளமாக வந்து விழும். தமிழில் இறவாணம் என்றால் மழைநீர் சொட்டும் இடம், ஒதுங்கி நிற்கும் இடம். ஜாக்சனில் அதனடியில் நிற்கக் கூடாது. ஆகவே கொட்டகை வீட்டில் முன்வாசலைச் சரிவின் பக்கம் வைக்காமல், கூரையின் முனையிலுள்ள முக்கோணச் சுவரின் பக்கம் வைக்க வேண்டும். காலணியும் ஈரமேலாடையும் கழற்றிவைக்கும் மட்ரூமைச் சார்ப்பிலே அமைத்து, அதன் கதவையும் முக்கோணச் சுவரின் பக்கமே திறக்கச் செய்யலாம். பண்ணைக்காரர்கள் கொட்டகையின் பெருங்கதவைப் பெரும்பாலும் அந்த முனையில் வைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இதைக் கவனிக்காத வரைபடங்களில், பிற்பாடு பனியைத் தடுத்து நிறுத்தக் கூரை முழுவதும் இரும்புப் பற்களைப் பதிக்க வேண்டிவருகிறது.

இந்த வழிக்கும் ஒரு நோய் உண்டு. பழைய கொட்டகைப் பலகைக்குச் சந்தை சூடாக இருப்பதால், எங்கோ ஒரு மாநிலத்தில் பிரித்த கொட்டகையின் சாம்பல் நிறப் பலகையை லாரியில் வரவழைத்து, புதிய பெரிய வீட்டின் முகத்தில் ஒட்டி, உள்ளே எதையும் தாங்காத உத்தரங்களைத் தொங்கவிட்டு, பண்ணை மரபு என்று சொல்லிக்கொள்கிறார்கள். பழைய மரத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அதில் ஆணியும் பூச்சியும் ஈயம் கலந்த பழைய வண்ணமும் இருக்கக்கூடும். தரமுத்திரை இல்லாததால், உண்மையிலேயே சுமை தாங்கும் இடத்தில் வைப்பதற்கு மரத்தின் தரத்தை அறிந்தவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் செலவும் சேர்ந்தால், அருகிலேயே அறுத்த புதிய பலகையை வெளியே அடித்து, வெயிலிலும் பனியிலும் தானாகச் சாம்பல் பூக்க விட்டுவிடுவது சிக்கனம். இந்த உலர்ந்த காற்றில் சில ஆண்டுகள் பொறுத்தால் போதும்.

மூன்றாவது வழியைப் புதுமோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் இந்தப் பள்ளத்தாக்கில் வேர் உண்டு. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ முதன்முதலாக அமெரிக்காவுக்கு வந்தது 1937இல், வில்சன் அருகே விளம்பரத் தொழிலதிபர் ஸ்டான்லி ரீசரும் ஹெலன் ரீசரும் தங்கள் பண்ணையில் கட்ட விரும்பிய கோடை வீட்டுக்காகத்தான். ஓடையின் இரு கரைகளையும் பாலம்போல் இணைத்து நீரின்மேல் நிற்கும் நீண்ட கண்ணாடிப் பெட்டியை அவர் வரைந்தார். அவர் தயாரித்த ஒட்டுப்படங்களில் சுவரே இல்லை. மெல்லிய கோடுகளுக்கு நடுவே மலையின் நிழற்படம் மட்டும் நிற்கிறது. கண்ணாடி வழியாக நிலத்தை உள்ளே கொண்டுவரும் வீடு என்ற எண்ணத்துக்கு இது ஓர் ஊற்றுக்கண். அந்த வீடு கட்டப்படவே இல்லை. ஓடையில் எழுப்பியிருந்த தூண்களை 1943இன் வெள்ளம் கொண்டுபோனது. வரைபடம் உலகப் புகழ் பெற்றது, அடித்தளம் ஆற்றோடு போனது என்ற இந்தச் செய்தியை, இங்கே கண்ணாடி வீடு கேட்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

1955இல் திறக்கப்பட்ட ஜாக்சன் லேக் லாட்ஜ் விடுதி இன்னொரு பாடம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அவானி விடுதியைக் கல்லும் மரமுமாகத் தோன்றும்படி அமைத்த கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட்டே இதையும் வடிவமைத்தார். தொலைவிலிருந்து பார்த்தால் பழுப்பு நிற மரச்சுவர். கிட்டே போய்க் கையை வைத்தால் கல்லின் குளிர்ச்சி, கான்கிரீட். மரப்பலகை அச்சில் வார்த்ததால் மரத்தின் ரேகைகள் அப்படியே பதிந்திருக்கின்றன, மேலே நிறம் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே கூடத்தில் மிகப் பெரிய சன்னல்கள், அவற்றுக்கு அப்பால் சதுப்புநிலமும் டீட்டன் சிகரங்களும். திறந்த காலத்தில் இதை அசிங்கம் என்று வைதவர்கள் பலர். 2003இல் அதுவே தேசிய வரலாற்றுச் சின்னமானது. மரபை மீறியதாகப் பழிக்கப்பட்டது மரபாகிவிடுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் குறைவான காலமே தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அது விடுதி, அதன் சன்னல்கள் பொதுக்கூடத்தின் சன்னல்கள். நான்கு பேர் உறங்கியெழும் வீட்டுக்கு அதே கணக்கு ஒத்துவராது.

கண்ணாடியின் கணக்கைப் பாருங்கள். நல்ல மூன்றடுக்குச் சன்னலின் காப்பு எண் சுமார் 5. பக்கத்துச் சுவரின் எண் 25. சன்னலாக்கும் ஒவ்வொரு சதுர அடியும் ஐந்து மடங்கு வெப்பத்தை விடும். தெற்கு நோக்கிய கண்ணாடி இதற்கு ஈடு கொடுக்கும்: டிசம்பர் நண்பகலில் இங்கே சூரியன் அடிவானத்துக்கு 23 டிகிரி உயரத்தில்தான் இருப்பதால் வெயில் அறைக்குள் நெடுந்தூரம் நுழைகிறது, ஜூனில் 70 டிகிரிக்கு ஏறிவிடுவதால் 2 அடி நீட்டிய இறவாணமே சுவரில் ஐந்தரை அடிக்கு நிழல் தருகிறது. இடைஞ்சல் என்னவென்றால், பள்ளத்தாக்கின் நடுவிலும் கிழக்கிலும் உள்ள மனைகளுக்கு டீட்டன் மலை மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கிறது. காட்சிக்காகத் திறக்கும் கண்ணாடி குளிர்காலத்தில் வெயிலைத் தராது, கோடை மாலையில் தாழ்ந்த சூரியனை நேராகக் கண்ணுக்குள் விடும். எந்த இறவாணமும் அதை மறைக்க முடியாது.

இதோடு நிலநடுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஓடும் டீட்டன் பிளவு, ரிக்டர் அளவில் 7ஐ எட்டும் அதிர்ச்சியைத் தர வல்லது. பக்கவாட்டு அசைவைத் தாங்குவது பலகை அடித்த திடமான சுவர். அந்தச் சுவரையே கண்ணாடியாக்கிவிட்டால், அதன் வேலையை விறைப்பான எஃகுச் சட்டங்கள் செய்ய வேண்டும், அவற்றுக்கு ஆழமான அடித்தளம் வேண்டும், எஃகு உள்ளிருந்து வெளியே நீளும் இடங்களில் குளிர் உள்ளே கடத்தப்படாமலிருக்கத் தனி இணைப்புகள் வேண்டும். கண்ணாடி வீட்டின் செலவு கண்ணாடியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத இந்த இரும்பில் இருக்கிறது. தட்டைக் கூரையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் பயம் மட்டும் மிகையானது. சரியாகக் காப்பிட்டு, நீர் வெளியேறும் குழாயை வீட்டின் சூடான பகுதி வழியாக இறக்கினால், தட்டைக் கூரையில் பனி அப்படியே இருந்து தானே ஒரு போர்வையாகும். இறவாண அணைத் தொல்லை அதில் குறைவு. சுமையைத் தாங்க உத்தரம் பெருக்க வேண்டும், நீர்த்தடுப்பு விரிப்பில் ஒரு பிழையும் பொறுக்காது, அவ்வளவே. பறவைகள் மோதுவதும், இரவில் விளக்கொளி மலையடிவாரம் முழுவதும் சிந்துவதும் பெருங்கண்ணாடியோடு வரும் மற்றச் சங்கடங்கள்.

மூன்று வழிகளையும் மனையோடு சேர்த்தே எடைபோட வேண்டும். நகரின் தெற்கு விளிம்பில், ஸ்னோ கிங் மலையின் வடசரிவுக்குக் கீழே உள்ள மனைகளில், நடுக்குளிர்காலத்தில் மலையே வெயிலை மறைத்துவிடுகிறது. நகரின் பெரும்பகுதியிலிருந்து டீட்டன் சிகரங்களும் தெரிவதில்லை. வெயிலும் இல்லை, காட்சியும் இல்லை என்ற அந்த இடத்தில் கண்ணாடிக்கு ஒரு நியாயமும் இல்லை. காப்பு மிக்க, சன்னல் குறைந்த கொட்டகை வீடே ஏற்றது. ஸ்னேக் நதியின் மேற்குக் கரையில் நிலத்தடி நீர் மேலே இருப்பதால், பனி உருகும் காலத்தில் நிலவறை குளமாகும். அங்கே எந்த வீடானாலும் தரையை உயர்த்தி, நிலவறையை மறந்துவிடுவது அறிவுடைமை. தெற்குச் சரிவிலுள்ள காட்டோர மனைகளில் வெயில் தாராளம், தீ அபாயமும் தாராளம். அங்கே தெற்கு முகத்தில் மட்டும் அளவான கண்ணாடியும் உலோகக் கூரையும் பொருந்தும். மான்களும் மூஸ் என்ற பெருமான்களும் கடக்கும் வழியில் அமைந்த மனையானால், வேலி போடாமலிருப்பதே மேல்; போடத்தான் வேண்டுமென்றால், மேலே தாவவும் கீழே குட்டி நுழையவும் இடம்விட்டுத் தாழ்வாகப் போட வேண்டும்.

நாம் நினைத்துக்கொண்ட குடும்பத்துக்கு என் பரிந்துரை இரண்டாவது வழிதான். அதுவும் அலங்காரமற்ற வடிவில். முதலில் 1,400 அல்லது 1,500 சதுர அடியில் ஒரே முகடுள்ள கொட்டகை. தெற்கில் மட்டும் பெரிய சன்னல்கள். மலை எந்தத் திசையில் தெரிந்தாலும், அந்தப் பக்கம் ஒரே ஒரு சன்னல். ஆனால் அதைச் சாப்பாட்டு மேசையில் உட்காருபவரின் கண்மட்டத்தில், சரியாகச் சிகரத்தைப் பிடிக்கும்படி வைக்க வேண்டும். சுவரெல்லாம் மலையாக இருந்தால் சில வாரங்களில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, பணம் சேர்ந்த பிறகு, மௌல்டன் குடும்பம் செய்ததைப் போலப் பக்கத்தில் ஒரு சார்ப்பு இறக்கிக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய அடித்தள விளிம்பையும் சுவரில் கதவு வரப்போகும் இடத்தின் உத்தரத்தையும் இப்போதே போட்டுவைத்தால் பிறகு சுவரை உடைக்கும் செலவு மிச்சமாகும்.

கண்ணாடி வீட்டை நான் பரிந்துரைக்கக்கூடியவர் ஒருவர்தான்: திறந்த வெளியில், வெயில் நாளெல்லாம் விழும் மனையும், எரிபொருள் செலவைப் பொருட்படுத்தாத வருமானமும் உள்ளவர். அவரும் மேற்குக் கண்ணாடிக்கு வெளியே நகர்த்தும் மரத்தட்டிகள் வைக்கச் சம்மதிக்க வேண்டும்.

புதிதாக மரத்தடி வீடு கட்டுவதை இக்குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கிய மனையிலேயே பழைய மரத்தடிக் குடில் ஒன்று நிற்குமானால் கணக்கு மாறிவிடுகிறது. நூறாண்டு காய்ந்த தடி இனிச் சுருங்காது. பாழானது பெரும்பாலும் அடியிலுள்ள இரண்டு மூன்று வரிசைகளும் கூரையுமாகவே இருக்கும். குடிலைத் தாங்கிகளால் ஒரு சாண் உயர்த்தி, உளுத்த தடிகளை மாற்றி, கான்கிரீட் அடித்தளத்தில் இறக்கி, கூரையின்மேல் வெளிப்புறமாகவே காப்பு போட்டுவிட்டால், உள்ளே பழைய கைமரங்கள் தெரிந்தபடியே இருக்கும். இடம் இடைஞ்சலாக இருந்தால், குடிலை அப்படியே வண்டியில் ஏற்றி மனையின் வேறு மூலைக்கு நகர்த்துவதும் இங்கே வழக்கத்தில் உள்ளதுதான். சுவரின் காப்பு எண் 8லேயே நிற்கும் என்பதால், அதைப் படுக்கையறையாக்காமல் பாட்டியோ நண்பரோ கோடையில் வந்து தங்கும் அறையாகவும், குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்க்கும் பட்டறையாகவும் வைத்துக்கொள்ளலாம். புதிய கொட்டகை வீட்டுக்கும் அதற்கும் இடையே பத்துப் பன்னிரண்டு அடி விட்டு, இரண்டையும் ஒரு கூரையிட்ட நடையால் இணைத்தால் போதும். அந்த நடையின் கூரைச் சரிவு மட்டும் இரண்டு கதவுகளுக்கும் எதிர்ப்புறமாக இருக்கட்டும்.